நியாயப்பிரமாணமும் இரட்சிப்பும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் அமைந்துள்ளது கல்லாறு. பெயருக்கு உரை வேண்டுவதில்லை. உருண்ட பாறைகளின்மீது தெளிந்த நீர் ஓடும் ஓர் ஆறும், அதன் கரையில் அதே பெயர் தாங்கிய சிற்றூரும் உள்ளன. அதற்கப்பால் சாலை 22 கொண்டையூசி வளைவுகளில் ஏறித் தேயிலைத் தோட்டங்களுக்குள் நுழைகிறது. இம்மலைத் தோட்டங்களுக்குப் பல தலைமுறைகளுக்கு முன் வேலை தேடி வந்தவர்களுள் தமிழர் பலர். 1956-ஆம் ஆண்டில் மாநிலங்கள் மொழிவழியே பிரிக்கப்பட்டபோது கன்னியாகுமரிப் பகுதி தமிழகத்தோடு சேர்ந்தது. நெடுமங்காடு வட்டம் கேரளத்தில் நின்றது. வேலைக்காக வந்தவர் இவ்வாறு வேற்று மாநிலத்தாரும் ஆயினர்.

இவர்களுள் கிறிஸ்தவர்களும் உளர். அவர்களுக்கும், பம்பாயிலோ பெங்களூரிலோ வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கும் பொதுவான நிலைமை ஒன்று உண்டு. சொந்த ஊரில் பெரும்பாலும் ஒரே கோயில். பாட்டன் ஞானஸ்நானம் பெற்ற இடத்திலேயே பேரனும் பெற்றான். குடிபெயர்ந்த இடத்திலோ ஒரே தெருவில் பல சபைகள். திருவனந்தபுரம் மாவட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், கத்தோலிக்கரில் மூன்று வழிபாட்டு முறையினர், தென்னிந்தியத் திருச்சபையார், இரட்சணிய சேனையார், பெந்தெகொஸ்தேயார், ஏழாம் நாள் அட்வெந்து சபையார் எனப் பலர் அருகருகே வாழ்கின்றனர். ஒருவர் ஞாயிற்றுக்கிழமையை ஆசரிக்கிறார், மற்றொருவர் சனிக்கிழமையை. ஒருவர் தாலி அணிகிறார்; மற்றொருவர் அதனைக் களைந்துவிட்டார். ஒரு வீட்டில் பன்றியிறைச்சி உண்டு. அடுத்த வீட்டில் அது விலக்கு. பேச்சு முற்றும்போது இறுதியில் எழும் வினா ஒன்றே: இவற்றைக் கைக்கொண்டால்தான் இரட்சிப்பா?

இவ்வினா கிறிஸ்தவ சமயத்தின் வயதே உடையது. தமிழ் மண்ணில் இஃது எழுந்த விதமோ தனித்தன்மை வாய்ந்தது. அதனையே இங்கு நாம் ஆராயப் புகுகின்றோம்.

முதலில் சொற்களைத் தெளிந்துகொள்வோம். எபிரேயர் ‘தோரா’ என்று வழங்கியதைத் தமிழ் வேதாகமம் ‘நியாயப்பிரமாணம்’ என்று பெயர்த்தது. மலையாள வேதாகமத்திலும் இதே சொல் வழங்குவதைக் கேரளத்து நேயர்கள் கண்டிருப்பார்கள். தோரா என்பதற்குச் ‘சட்டம்’ என்ற பொருள் மட்டும் உளதன்று; ‘போதனை’, ‘நெறி’ என்ற பொருள்களும் அதில் அடங்கும். யூத ஆசிரியர்கள் மோசேயின் ஐந்து ஆகமங்களில் 613 கட்டளைகளை எண்ணினர். கொலை செய்யாமை, பெற்றோரைப் பேணல் போன்ற ஒழுக்க விதிகள், பலி, பண்டிகை, தீட்டு பற்றிய சடங்கு விதிகள், நிலம், கடன், தண்டம் பற்றிய ஆட்சி விதிகள் ஆகிய யாவும் அவற்றுள் அடக்கம். இவ்வாறு மூவகையாகப் பிரித்துக் காண்பது பிற்காலக் கிறிஸ்தவ அறிஞர்களின் வழக்கம். மோசேயின் நூலில் அப்பிரிவினை இல்லை. அங்கே எல்லாம் கலந்தே கிடக்கின்றன.

பழைய தமிழ்க் கிறிஸ்தவர்கள் கட்டளையைக் ‘கற்பனை’ என்றனர். ‘பத்துக் கற்பனைகள்’ என்றால் இன்றைய இளைஞர் வேறு பொருள் கொள்ளக்கூடும்! அப்பத்தையும் எண்ணுவதிலேகூட ஒற்றுமை இல்லை. கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் விக்கிரக விலக்கை முதற் கற்பனையோடு சேர்த்து எண்ணுவர். ஆங்கிலிக்கன் வழியினரும் சீர்திருத்த சபை வழியினரும் அதனைத் தனியே இரண்டாவதாக எண்ணுவர். ஆதலின் தரங்கம்பாடிக் கிறிஸ்தவருக்கு ஐந்தாவதாக உள்ள கொலை விலக்கு, திருநெல்வேலிக் கிறிஸ்தவருக்கு ஆறாவதாகிறது.

இனி, முதல் வழக்குக்கு வருவோம். இயேசுவின் முதற்சீடர் யாவரும் யூதர். அவர்கள் எருசலேம் ஆலயத்திற்குச் சென்றனர்; ஓய்வுநாளை ஆசரித்தனர்; உணவு விதிகளைக் காத்தனர். பின்னர்ச் சிரியா நாட்டு அந்தியோகியாவில் கிரேக்கர் பலர் இப்புதிய நெறியில் சேர்ந்தபோது சிக்கல் பிறந்தது. அவர்கள் விருத்தசேதனம் செய்துகொண்டு மோசேயின் பிரமாணத்தை ஏற்றாலன்றி இரட்சிப்புப் பெற இயலாது என்று யூதேயாவிலிருந்து வந்த சிலர் போதித்தனர். இதைத் தீர்க்க எருசலேமில் ஒரு கூட்டம் கூடிற்று. அக்காலத்தை ஏறத்தாழ கி.பி. 49 என்று அறிஞர் கணிப்பர். புறவினத்தார்மீது அந்நுகத்தைச் சுமத்த வேண்டுவதில்லை என்பது அங்கு எடுத்த முடிவு. விக்கிரகங்களுக்குப் படைத்தவை, இரத்தம், நெருக்குண்டு செத்தவை, வேசித்தனம் ஆகிய நான்கை விலக்குமாறு மட்டும் கடிதம் எழுதப்பட்டது.

இந்நான்கனுள் மூன்று உணவைப் பற்றியவை என்பது கருதத்தக்கது. யூதரும் புறவினத்தாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டுமாயின், இரு சாராரும் முகஞ்சுளியாத உணவு வேண்டும் அன்றோ? அக்கடிதத்தின் நோக்கம் இதுவே என்று கொள்வோர் பலர். நமக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. பின்வந்த வரலாறு விந்தையானது. மேற்கத்திய சபையில் இரத்த விலக்கு அகுஸ்தீன் காலத்திலேயே, அதாவது ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள், பெரும்பாலும் வழக்கிழந்தது. கீழைச் சபையோ 692-ஆம் ஆண்டில் கான்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கத்தில் அதனை மீண்டும் வற்புறுத்தியது. தமிழ்நாட்டில் ஆட்டு இரத்தப் பொரியலை விரும்பி உண்ணும் கிறிஸ்தவரும் உளர். அப்போஸ்தலர் கடிதத்தைக் காட்டி அதைத் தொடாதவரும் உளர்.

கூட்டம் முடிந்ததும் வழக்கு தீர்ந்துவிடவில்லை. பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் அந்தியோகியாவில் நிகழ்ந்த ஒன்றைக் குறிப்பிடுகிறார். பேதுரு அங்கே புறவினத்தாரோடு ஒரே பந்தியில் உண்டு வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்கு அஞ்சி விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். மனிதன் நீதிமானாக எண்ணப்படுவது பிரமாணத்தின் கிரியைகளால் அன்று, விசுவாசத்தினாலேயே என்ற பவுலின் புகழ்பெற்ற வாதம் இவ்விடத்தில்தான் தொடங்குகிறது. அது மேடைப் பிரசங்கத்தில் பிறந்ததன்று, சோற்றுப் பந்தியில் எழுந்த பூசலிலே பிறந்தது. இதை மனத்திற் கொண்டால் பின்னே நாம் கூறப்போகும் தமிழ்நாட்டு நிகழ்ச்சிகள் எளிதில் விளங்கும்.

பவுல் பிரமாணத்தைத் தீயது என்று கூறவில்லை. அதனைச் சிறுவனுக்கு அமர்த்திய காவலனுக்கு ஒப்பிட்டார். அக்காலக் கிரேக்கர் வீடுகளில் சிறுவனைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று, ஒழுங்கு தவறாமல் பார்த்துக்கொள்ள ஓர் அடிமை இருப்பான். தமிழ் வேதாகமம் அவனை ‘உபாத்தி’ என்கிறது. உண்மையில் அவன் பாடம் சொல்லும் ஆசிரியன் அல்லன். நம் திண்ணைப்பள்ளிச் சட்டாம்பிள்ளைக்கே நெருங்கியவன். பிள்ளை வளர்ந்தபின் அவன் பிரம்புக்கு வேலையில்லை.

இன்னொரு செய்தி இதனினும் நுட்பமானது. தீமோத்தேயுவின் தாய் யூதப் பெண், தந்தை கிரேக்கர். யூதரிடையே ஊழியம் செய்ய அவரை அழைத்துச் செல்லுமுன் பவுலே அவருக்கு விருத்தசேதனம் செய்வித்தார். கிரேக்கரான தீத்துவுக்கோ, அது கட்டாயம் என்று சிலர் வற்புறுத்தியபோது, இணங்க மறுத்துவிட்டார். செயல் ஒன்றே; ஒருவருக்குச் செய்தார், மற்றவருக்கு மறுத்தார். முரண்பாடு போலத் தோன்றும் இதில்தான் அவர் கொள்கையின் திறவுகோல் உளது. பிறர் மனம் நோகாமைக்காக மேற்கொள்ளும் வழக்கம் வேறு. இரட்சிப்பின் நிபந்தனையாக விதிக்கப்படும் வழக்கம் வேறு.

ஒரு தவறான எண்ணத்தை இங்கு நீக்க வேண்டும். யூதர்கள் கட்டளைகளை எண்ணி எண்ணிக் கைக்கொண்டு, கூலிபோல் மோட்சத்தைச் சம்பாதிக்க முயன்றனர் என்று பிரசங்கிகள் பலர் கூறிவந்துள்ளனர். பண்டை யூத நூல்களை நன்கு ஆய்ந்த இ. பி. சாண்டர்ஸ் என்பார் 1977-ல் வெளியிட்ட நூலில் இஃது அவர்தம் நூல்களுக்குப் பொருந்தாது என்று காட்டினார். கடவுள் தம் இனத்தைக் கிருபையினால் தெரிந்துகொண்டார். அவ்வுடன்படிக்கைக்குள் நிலைத்திருப்போரின் நன்றியே கட்டளைகளைக் கைக்கொள்ளல் என்பதே யூதர் கொள்கை. அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் அறிஞர் யாவரும் ஏற்றனர் என்பதற்கில்லை. எனினும் பழைய பிரசங்கத்தை அப்படியே திருப்பிச் சொல்வது இன்று இயலாது.

பிற்கால ஐரோப்பியப் பூசலைச் சுருங்கக் கூறிக் கடப்போம். 1517-க்குப்பின் லுத்தர், விசுவாசம் ஒன்றினாலேயே மனிதன் நீதிமானாகிறான் என்றும், பிரமாணம் அவன் பாவத்தைக் காட்டும் கண்ணாடி என்றும் கூறினார். கிரியையில்லா விசுவாசம் செத்தது என்று போதிக்கும் யாக்கோபின் நிருபத்தை அவர் வைக்கோலுக்கு ஒப்பிட்டதும் உண்டு. கால்வினோ, விசுவாசிக்கும் பிரமாணம் வழிகாட்டியாக நிற்கிறது என்பதை வற்புறுத்தினார். திரெந்து சங்கம் 1547-ல் கத்தோலிக்க நிலையை வரையறுத்தது: கிருபையே முந்தியது, அதனோடு மனிதன் ஒத்துழைக்கிறான், கட்டளைகள் விசுவாசிக்கும் உரியவையே. நான்கரை நூற்றாண்டு கழித்து, 1999 அக்டோபர் 31 அன்று, ஆகஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் உலக லுத்தரன் கூட்டமைப்பாரும் இப்பொருள்பற்றி ஒரு கூட்டறிக்கையில் ஒப்பமிட்டனர். கிருபையினால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், நற்செயல் அதன் கனி என்ற அளவில் இருவரும் இசைந்தனர். 2006-ல் மெதடிஸ்தரும் அதில் சேர்ந்தனர். பழைய கண்டனங்கள் இன்றைய போதனையைத் தாக்கா என்றும் அவ்வறிக்கை கூறிற்று.

இனித் தமிழகம். 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, தத்துவபோதகர் என்ற பெயரால் அறியப்பட்டவர். பறங்கியர் நடைஉடையை மேற்கொண்டாலன்றிக் கிறிஸ்தவனாக இயலாது என்ற எண்ணம் அக்காலத்தில் வேரூன்றியிருந்தது. எவரும் வாய்விட்டு அதனை ஒரு விதியாகக் கூறாவிடினும், உண்மையில் அதுவே புதியதொரு விருத்தசேதனமாய் நின்றது. நொபிலி காவியுடுத்தார், புலாலை நீக்கினார், மனந்திரும்பியோர் குடுமியும் நூலும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம் என்றார். அவை குலத்தின் அடையாளமேயன்றிச் சமயத்தின் அடையாளம் அல்ல என்பது அவர் வாதம். உடனிருந்த மூத்த குருவே குற்றஞ்சாட்டினார், வழக்குக் கோவா சென்றது, உரோமை ஏறிற்று. 1623-ல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கை கலவாதிருக்குமாயின் அவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று இசைவளித்தார்.

அவ்வாணையில் பெரும்பாலோர் மறந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. உயர்குலத்தார் தாழ்ந்த நிலையிலுள்ளோரை இகழலாகாது என்றும், தேவ வார்த்தையைக் கேட்கும்போதும் அருட்சாதனங்களைப் பெறும்போதும் அவர்களை விலக்கலாகாது என்றும் பாப்பரசர் வேண்டிக்கொண்டார். நூலுக்கு அளித்த இசைவு நடைமுறைக்கு வந்தது. இவ்வேண்டுகோள் ஏட்டில் தங்கிற்று. 1704-ல் தூர்னோன் என்ற உரோமைத் தூதர் புதுச்சேரியில் இவ்வழக்கங்களுட் பலவற்றைத் தடுத்து ஆணையிட்டார். 1744-ல் பதினான்காம் பெனடிக்ட் அதனை உறுதி செய்தார். தாழ்த்தப்பட்டோர் இல்லங்களுக்குக் குருமார் சென்று அருட்சாதனம் வழங்கவேண்டும் என்ற விதியை நிறைவேற்ற, அவர்களுக்கென்றே தனிக் குருமார் அமர்த்தப்பட்டனர். விதி காக்கப்பட்டது, பந்தி மட்டும் இரண்டாகவே இருந்தது. மலபார் வழக்கங்கள் பற்றிக் குருமார் எடுக்கவேண்டியிருந்த சத்தியப்பிரமாணம் 1940-ல்தான் நீக்கப்பட்டது.

இந்தப் பிளவு கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுந்த இடம் வடக்கன்குளம். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், கன்னியாகுமரி எல்லையை அடுத்துள்ள ஊர் அது. 1872-ஐ ஒட்டி அங்கே எழுந்த திருக்குடும்பக் கோயில், ஒரே பீடத்திலிருந்து இரண்டு கூடங்கள் பிரியுமாறு கட்டப்பட்டது. ஒவ்வொரு பிரிவாரும் ஒவ்வொரு கூடத்தில் நின்று அதே பூசையைக் கண்டனர். உருவத்தை நோக்கிக் ‘கால்சட்டைக் கோயில்’ என்று மக்கள் பெயரிட்டனர். 1910-ல் கௌசானல் அடிகள் நடுவிலிருந்த தடுப்பை அகற்றினார். வழக்கு நீதிமன்றம் சென்றது. தடுப்பு மீண்டும் எழவில்லை.

புராட்டஸ்டண்டு சபைகளின் கதை இதனினும் சிக்கலானது. விசுவாசம் ஒன்றே போதும் என்று முழங்கியவர்கள் அவர்களே அன்றோ? 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு முதலாகத் தஞ்சைச் சுவார்ட்ஸ் வரை, லுத்தரன் மிஷனெரிமார் சாதிவாரியாக இடம் பிரித்து அமரும் வழக்கத்தை முற்றும் ஒழிக்க இயலவில்லை. 1833-ல் கல்கத்தா அத்தியட்சர் டானியேல் வில்சன் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். சபைகளில் சாதி வேற்றுமை உடனே, முற்றும் ஒழியவேண்டும். நற்கருணையை யாவரும் வேற்றுமையின்றிப் பெறவேண்டும். இணங்காதவர்க்கு அதில் பங்கில்லை. சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் சபைகள் கலங்கின. கூட்டங்கூட்டமாகப் பலர் வெளியேறினர். எதிர்த்து நின்றோருள் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் ஒருவர்.

அவர்களுடைய வாதத்தை எள்ளி நகையாடிவிடுவது எளிது. அதற்குமுன் கேட்டறிவது முறை. சாதி என்பது ஐரோப்பியரிடமுள்ள பிரபு, சாமானியன் என்ற வேற்றுமை போன்றது. ஆன்ம இரட்சிப்போடு அதற்குத் தொடர்பில்லை. இரட்சிப்பு விசுவாசத்தால் ஆவதாயின், சாதியை விட்டால்தான் நற்கருணை என்பது கிருபைக்கு மேல் ஒரு புதிய நியாயப்பிரமாணத்தை ஏற்றுவதாகும் என்றனர் அவர்கள். பவுலின் ஆயுதத்தை அவர்கள் கையில் எடுத்தனர். 1840 முதல் தமிழகத்தில் பணியாற்றிய லைப்சிக் லுத்தரன் மிஷனார், சாதியை உடனே கட்டாயத்தால் ஒழிக்கலாகாது என்ற கொள்கையினர். ஆதலின் வெளியேறியவர் பலர் அவர்களிடம் சேர்ந்தனர்.

இவ்வாதம் எங்கே பிழைபடுகிறது? அந்தியோகியாவை மறந்ததில் என்று நாம் கருதுகிறோம். பவுல் பிரமாணத்தின் நுகத்தை எதிர்த்தது, எல்லாரும் ஒரே பந்தியில் அமர்வதற்காக. இவர்கள் அதே சுதந்தரத்தைக் காட்டியது, தனிப்பந்தி நிலைப்பதற்காக. விலகிச் சென்ற பேதுருவின் இடத்தில் இருந்துகொண்டு பவுலின் சொற்களைப் பேசினர். வில்சன் விதித்தது சட்டமே என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பந்தியைப் பிரிக்காமைக்காக இட்ட சட்டத்தையும், பிரிப்பதற்காக இட்ட சட்டத்தையும் ஒரே தராசில் நிறுக்கலாகுமா?

இவற்றைப் படிக்கும் ஒருவர், யூதப் பிரமாணம் என்றாலே பிரிவினை, விசுவாசம் என்றாலே சமத்துவம் என்று முடிவுகட்டிவிடக்கூடும். அம்முடிவைக் கலைக்கும் நிகழ்ச்சி ஒன்று திருநெல்வேலிச் சீமையில் நிகழ்ந்தது. நாசரேத்துக்கு அருகே பிரகாசபுரத்தில் 1857-ல் ஒரு தனிச் சபை தோன்றிற்று. அதனைத் தோற்றுவித்தவர் அருமைநாயகம் என்பார். சட்டாம்பிள்ளை என்ற பெயராலேயே அவரை நாடு அறியும். பவுல் பிரமாணத்திற்குச் சொன்ன உவமையை நாம் திண்ணைப்பள்ளிச் சட்டாம்பிள்ளையைக் கொண்டு விளக்கினோம்; பிரமாணத்தைத் தமிழ்நாட்டில் மீண்டும் நாட்டியவர்க்கு அதே பெயர் வாய்த்தது தற்செயலே.

அவர் சாயர்புரத்தில் ஜி. யூ. போப் நடத்திய கல்விச்சாலையில் பயின்றவர். எபிரேயம், கிரேக்கம் முதலிய மொழிகளிலும் பழகியவர் என்பர். உபதேசியாராகப் பணியாற்றியபோது நாசரேத்து மிஷனெரியோடு பிணக்கு நேர்ந்து வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 1849-ல் கால்டுவெல் நாடார் சமூகத்தைப் பற்றி வெளியிட்ட சிறு நூல், அச்சமூகத்தாரைத் தாழ்த்திக் கூறியதாக நெடுங்காலம் புண்ணாய் இருந்தது. பணமும் பதவியும் தீர்ப்பும் ஐரோப்பியர் கையில் இருக்க, தாம் என்றும் கற்றுக்கொள்பவராகவே இருப்பதா என்ற மனக்கொதிப்பு நாடார் கிறிஸ்தவர் பலரிடம் இருந்தது.

சட்டாம்பிள்ளை கண்ட வழி யாது? வேதாகமத்தையே அவர் திறந்தார். இயேசு ஐரோப்பியர் அல்லர், ஆசியாவினர். அவர் கைக்கொண்டது மோசேயின் பிரமாணம். அவர் சனிக்கிழமையையே ஓய்வுநாளாக ஆசரித்தார். ஞாயிறு ஆசரிப்பும் பிறவும் ஐரோப்பியர் புகுத்திய வழக்கங்கள் என்றார். பழைய ஏற்பாட்டில் உள்ள பண்டிகைகள், தூபம், தரையில் விழுந்து வணங்கல், தீட்டு விதிகள் ஆகியவை ஆங்கிலேயர்க்கு அந்நியம். நமக்கோ வீட்டு வழக்கம் போன்றவை. எனவே பிரகாசபுரத்துச் சபையார் சனிக்கிழமையில் கூடினர். வேதாகமப் பண்டிகைகளை ஆசரித்தனர். மிஷன் பணத்தையும் ஐரோப்பியக் குருமாரையும் வேண்டாம் என்றனர். இந்துக் கிறிஸ்தவ சபை என்று அது வழங்கலாயிற்று. ‘இந்து’ என்பது இங்கே சமயத்தைக் குறித்ததன்று; இந்நாட்டினர் என்ற பொருளில் வந்தது.

மிஷனெரிமார் இதனைக் கலாத்தியரின் பழைய பிழை என்றே கருதினர். அவர்கள் நிருபத்தை எழுத்தளவில் சரியாகவே படித்தனர். ஆனால் கலாத்தியாவில் பிரமாணத்தை வற்புறுத்தியவர்கள் வெளியிலிருந்து அதிகாரத்தோடு வந்தவர்கள். பிரகாசபுரத்திலோ வெளியிலிருந்து வந்த அதிகாரத்தினின்று விடுபடவே பிரமாணம் வேண்டப்பட்டது. கலாத்தியர்க்கு நுகமாக இருந்தது இவர்களுக்கு முதுகெலும்பாயிற்று. பவுல் இதைக் கண்டிருப்பின் என்ன கூறியிருப்பார் என்பது சுவையான வினா. தீத்துவின் வழக்காகக் கொண்டு கடிந்திருப்பாரோ, தீமோத்தேயுவின் வழக்காகக் கொண்டு பொறுத்திருப்பாரோ, அறியோம். ஒன்று மட்டும் சொல்லலாம்: சட்டாம்பிள்ளையின் சபை ஒரு சமூகத்தாரின் மானத்தைக் காத்தது; பிற சமூகத்தார்க்கும் சேர்த்துப் பந்தியை விரிக்கும் வாய்ப்பு அதற்கு மிகக் குறைவாகவே இருந்தது.

அமெரிக்காவில் 1863-ல் அமைப்புப் பெற்ற ஏழாம் நாள் அட்வெந்து சபையார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதிக்கு வந்தபோது, தங்களுக்கு முன்னரே இங்கே சனிக்கிழமையை ஆசரித்துவந்த தமிழரைக் கண்டு வியந்தனர். இன்று கேரளத்திலும் தமிழகத்திலும் உள்ள அச்சபையாரிடம், சனிக்கிழமை ஆசரிப்பால் இரட்சிப்பா என்று கேட்டால், அன்று என்பார்கள். இரட்சிப்பு கிருபையாலேயே; கீழ்ப்படிதல் அதன் அடையாளம் என்பது அவர் போதனை. பன்றியிறைச்சி முதலியவற்றை அவர்கள் விலக்குவதும் மோசேயின் ஆகமத்தையொட்டியே. அண்டை வீட்டார் அவர்களை ‘நியாயப்பிரமாணக்காரர்’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நேர்மையன்று.

இதற்கு நேரெதிர்க் கோடியில் நிற்பவர்கள் இரட்சணிய சேனையார். 1882-ல் இந்தியாவுக்கு வந்த அவர்களின் தலைவர் பூத் டக்கர், ‘பக்கீர் சிங்’ என்று பெயர் பூண்டு, காவியுடுத்தி, வெறுங்காலுடன் நடந்தார். திருவிதாங்கூரில் அவர்கள் பணி விரைந்து பரவிற்று. திருவனந்தபுரம் கவடியாரில் அவர்கள் தலைமையகம் ஒன்று உளது. அவர்களிடம் ஞானஸ்நானமும் இல்லை, திருவிருந்தும் இல்லை. உள்ளத்தின் மாற்றமே போதும், புறச்சடங்கு எதுவும் இரட்சிப்புக்கு இன்றியமையாததன்று என்று 1883 முதல் அவர்கள் அவற்றை நிறுத்திவிட்டனர். ஞானஸ்நானம் இன்றியமையாதது என்னும் கத்தோலிக்கரும், ஞானஸ்நானமே இல்லாத சேனையாரும் ஒரே பேருந்துக்குக் காத்திருக்கும் மாவட்டம் இது.

ஆனால் தோட்டங்களிலும் நகர்ப்புறங்களிலும் குடும்பங்களை இன்று மிகுதியும் அலைக்கழிக்கும் விதி நகையைப் பற்றியது. கேரளத்துப் பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் ஞானஸ்நானம் பெறுவோர் பொன்னணிகளைக் களைவது வழக்கம். பேதுருவின் முதல் நிருபத்திலும் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்திலும் பெண்களின் அலங்காரம் பற்றி வரும் அறிவுரைகளை அவர்கள் காட்டுவர். வரதட்சிணைப் பொன்னுக்கு அஞ்சும் ஏழைத் தந்தைக்கு இவ்வழக்கம் பேருதவி என்பதையும் மறைக்கலாகாது. ஆயினும் தமிழ்ப் பெண்ணுக்குத் தாலி வெறும் நகையன்று. சிலுவை பொறித்த தாலியைத் தமிழ்க் கிறிஸ்தவர் கட்டுவர். மலையாளச் சிரியன் கிறிஸ்தவர் ‘மின்னு’ என்று கட்டுவர். கணவன் உயிரோடிருக்கத் தாலியைக் கழற்றுவது எத்தகைய செயல் என்பதை ஊரிலிருக்கும் மாமியாருக்கு எந்நிருபத்தைக் கொண்டு விளக்குவது? ஒரு மகள் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து தாலியைக் களைய, மற்றொரு மகள் பழைய சபையிலேயே இருக்க, தாய் இருவர் வீட்டுக்கும் செல்லவேண்டிய நிலை மலைநாட்டில் புதிதன்று.

இங்கேயும் நாம் கேட்கவேண்டியது தீத்துவா, தீமோத்தேயுவா என்பதே. எளிமைக்காகத் தானே நகையைக் களைபவள் ஒருத்தி. களைந்தால்தான் இரட்சிப்பு என்று கட்டளையிடப்பட்டவள் மற்றொருத்தி. பார்ப்பவர்க்கு இருவர் கழுத்தும் ஒன்றுபோலவே தோன்றும். எருசலேமிலிருந்து சென்ற கடிதத்தில் நகையும் இல்லை, நாளும் இல்லை, நூலும் இல்லை. ஒரே பந்தியில் உண்பதற்கு வேண்டியவையே பெரும்பாலும் இருந்தன. பெந்தெகொஸ்தே போதகருள்ளும் நகை விலக்கை ஞானஸ்நானத்திற்கு நிபந்தனையாக்காமல், அவரவர் மனச்சான்றுக்கு விடுபவர் உளர். பழைய சபையாருள்ளும், நகையணியாத மருமகளைத் திருமண விருந்தில் தம் அருகே அமர்த்திக்கொள்ளும் முதியோர் உளர். மணப்பேச்சு நடக்கும் வீடுகளில் இப்பொருள் பெரும்பாலும் பெண்பார்க்கும் நாளிலேயே எழுகிறது. சபைச் சங்கங்களுக்கும் மாநாடுகளுக்கும் அது போய்ச் சேர்வது அரிது.